சாட்சிக் கையெழுத்து

உயில் செல்லும், என்றார் வழக்கறிஞர் ஜெசிந்தா.
அதில் உங்களுக்கு எழுதியது செல்லாது.

லைட் ஸ்திரீட் பக்கம், மாடியில் ஓர் அறை.
ஏர்கான் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று
இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.
சொன்னார். சொல் மாறாமல்.

பெறுகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாதாம்.
ஒன்று வாங்கலாம், இல்லை பார்க்கலாம்.
நான் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு மழை. மிஸ்டர் ஊய் கடையில்
ஆணி நிறுக்கும் மேசையை ஒதுக்கி
அண்ணன் ஒரு தாளை விரித்தான்.
புத்தகக் கடையில் வாங்கின படிவம்.
ஜெலுத்தோங் வீடு தங்கை தனபாக்கியத்துக்கு.
உயிலை நிறைவேற்றுபவரும் அவளே.
வேறொன்றும் எழுதவில்லை, கை வலிக்கிறது என்றான்.
மிஸ்டர் ஊய் கையெழுத்துப் போட்டார்.
இன்னொரு ஆள் வேணுமே என்று
அண்ணன் தெருவைப் பார்த்தான்.
"நீயே போடேன் பாக்கியம்."
பேனா எழுதவில்லை.
நாளிதழ் ஓரத்தில் கிறுக்கி
மையை வரவழைத்துப் போட்டேன்.

வீடுதான் செல்லாது, வேலை செல்லுமாம்.
நிறைவேற்றுபவர் சாட்சியானால் குற்றமில்லை.
புரோபேட் வாங்க நான்தான் அலைய வேண்டும்:
செத்தவன் சொன்னதை
ஆமாம் என்று நீதிமன்றம் திருப்பிச் சொல்லும் தாள்.

சொத்துப் பட்டியல் கேட்டார்கள்.
வீடு ஒன்று, ஏழாம் மாடி. லிஃப்ட் ஆறோடு நின்றுவிடும்.
ஹோண்டா ஒன்று, கிக்கர் போனது.
வங்கியில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு வெள்ளி.
கடன்: ஊய் கடையில் பெயிண்ட் இரண்டு டின்.
அதையெல்லாம் எழுதாதே என்றார் மிஸ்டர் ஊய்.
எழுதினேன்.

பிறகு பெயர்.
அடையாள அட்டையில் முனியப்பனுக்கு ஒரு பி,
வீட்டுக் கிராண்டில் இரண்டு.
இருவரும் ஒரே ஆள்தான் என்று
ஆணையர் முன்னால் சத்தியம் செய்து
பத்து வெள்ளி கொடுத்தேன்.
முப்பது வருஷம் ஃபெரி எஞ்சினோடு கிடந்து
காது மந்தமான ஆள்,
குழம்பில் புளி கூடினால் தட்டைத் தள்ளாமல்
தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டு எழுகிற ஆள்.
இதில் எந்த பி அதிகம்?

ஏடிஎம் எண் எனக்குத் தெரியும்.
மருந்து வாங்க அவனே சொன்னது.
காரியத்துக்கு முதல் நாள் போய் வரிசையில் நின்றேன்.
வங்கிக்கு இன்னும் செய்தி போகவில்லை,
அந்த இயந்திரத்துக்கு அவன் சாகவில்லை.
எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே திரும்பினேன்.
சட்டத்துக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள்.
முடிவில் அது கேட்கும்,
ரசீது வேண்டுமா என்று.

ஆக, வீடு உயில்படி போகாது, சட்டப்படி பிரியும்.
மனைவி இல்லை. பிள்ளை இல்லை.
அப்பா அம்மா இல்லை.
இல்லை இல்லை என்று படியிறங்கி வந்து
உடன்பிறந்தவர்களிடம் நிற்கிறது சட்டம்.
எனக்குப் பாதி,
கிள்ளானில் இருக்கும் சிங்காரத்துக்குப் பாதி.
பதினொரு வருஷம் வாசல் மிதிக்காத சிங்காரம்.
காரியத்துக்கு வந்து
கை நனைக்காமல் பஸ் ஏறின சிங்காரம்.

அவனுக்குச் சொல்ல வேண்டியதும் என் வேலையாம்.
போன் செய்தேன்.
கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.
"எம்பேரு அதுல எங்கயுமே இல்லையா?"
இல்லை என்றேன்.
"மறந்துட்டானா, வேணும்னே விட்டானா?"
தெரியாது என்றேன்.
"அப்புறம் எனக்கு எப்படி வருது?"

அன்றைக்கு மழை, என்றேன்.
தெருவில் ஆள் இல்லை.