பெறப்பட்ட நாள்

பெயர்களைச் சொல்ல மாட்டேன்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
எழுதியவருக்கு மதிப்பிடுபவரைத் தெரியாது,
மதிப்பிடுபவருக்கு எழுதியவரைத் தெரியாது.
தார்த்து நகரில், ஆற்றைப் பார்த்த இரண்டாம் மாடியில்,
வாரத்துக்கு இருபது மணி நேரம்
இருவரையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
என் பெயர் வேண்டுமானால் ஊர்வே.
ஆய்விதழின் எந்தப் பக்கத்திலும் அது இருக்காது.

பிப்ரவரி பதினொன்று.
ஆறு கல்லாய் உறைந்திருந்தது.
காக்கேசிய மலைச் சதுப்பொன்றிலிருந்து வந்தது கட்டுரை:
பாசி தன் எடையில் எத்தனை மடங்கு நீரை
எத்தனை நாள் பிடித்து வைத்திருக்கும் என்று.
ஆறு குளிர்காலம். ஒரே ஒருத்தி. ஒரு தராசு.
பனியில் சிக்கிய வண்டியைத் தள்ளிய
ஓட்டுநருக்கு ஒரு நன்றி.
விதிப்படி அதை நீக்கினேன்.
அவள் பெயரின் நடுவே இருந்த மேற்குறியை
எங்கள் கணினி கேள்விக்குறியாக்கியிருந்தது.
பெயரை மறைத்தேன்.
பாசியை எப்படி மறைப்பது?

இரண்டாம் மதிப்பாய்வாளர் ஒப்புக்கொண்டார்.
'நலன் முரண்பாடு உண்டா' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று குறியிட்டார்.
ஒரு நொடி வேலை.

அப்புறம் கிணற்றில் போட்ட கல்.

கோப்பை முதல் நாளே திறந்திருந்தார்,
இரவு இரண்டு மணிக்கு மறுபடியும்.
மொத்தம் நான்கு முறை.
முதல் நினைவூட்டலில் அன்புடன் என்று முடித்தேன்,
இரண்டாவதில் பணிவுடன்.
மூன்றாவதில் கட்டுரையின் எண் மட்டும்.
குடும்பச் சூழல் என்று பதில் வந்தது.
மூன்று வாரம் நீட்டித்தேன்.
பரிவோடுதான் நீட்டித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் மூன்று. பனிக்கட்டி உடைந்து
ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
பதிப்பகத்தின் இன்னொரு இதழுக்கு, என் அதே திரையில்,
அவர் பெயரில் ஒரு கட்டுரை:
பாசி, நீர், நாட்கள்.

திருட்டு என்று சொல்ல முடியாது.
ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை.
பாசியை ஊறப்போட்டு எடை பார்த்தவளையே
ஊறப்போட்டார், அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் ஹில்லரிடம் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'நிரூபிக்க முடியுமா?
பாசி உலகெங்கும் இருக்கிறது, ஊர்வே.'
கெட்டவர் இல்லை. தினமும் தன் கம்பு ரொட்டியில்
பாதியை எனக்கு வெட்டித் தருபவர்.

ஐம்பத்தெட்டாம் நாள் மதிப்பாய்வு வந்தது.
பதினொரு வரி.
இன்னொரு குளிர்காலத்து அளவீடு தேவையாம்.
ஹில்லர் அந்த வரியை அடித்துவிட்டார்.
அடித்த கையோடு சொன்னார்:
'நிராகரித்துவிட்டுப் புதிதாக அனுப்பச் சொல்.
பெறப்பட்ட நாள் மே இரண்டு ஆகட்டும்.
நம் சராசரி அறுபது நாளுக்குள் வரும்.
எல்லா இதழும் செய்வதுதான்.'

எல்லா இதழும் செய்வதுதான்.
மே இரண்டு என்றால்
அவள் அவருக்குப் பின்னால் வந்தவள் ஆவாள்.
ஆறு குளிர்காலம், ஒரு மாதம் தாமதம்.

மெய்ப்பில் பிப்ரவரி பதினொன்று என்று அடித்தேன்.
பச்சை மையால் அதைக் கோடிட்டிருந்தார்.
மறுபடி அடித்தேன்.
கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்:
கை தவறிவிட்டது.
கேட்கவில்லை.
பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டாரா,
இன்றுவரை தெரியாது.
அன்றைக்கும் பாதி ரொட்டி கிடைத்தது.

அச்சில் அந்த வரி எறும்பு அளவு.
யாரும் படிப்பதில்லை.
அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது:
என் பெயரில் மேற்குறியைச் சரியாகப் போட்டீர்கள்,
இதுதான் முதல் முறை, நன்றி.
தேதியைப் பற்றி ஒன்றுமில்லை.

நேற்று சதுப்புநிலம் பற்றிப் புதிதாக ஒன்று வந்தது.
மதிப்பாய்வுக்குத் தகுந்தவர் என்று
கணினி தானாகவே ஒரு பெயரை நீட்டியது.
அவர்தான்.
குற்றம் சாட்டப்படாதவர், தண்டிக்கப்படாதவர்,
துறையில் நல்ல பெயர்.
அவரைத் தாண்டி அடுத்த பெயரை அழுத்தினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
சற்று நேரம் துடித்துக்கொண்டிருந்தது சுட்டி.
காலியாக விட்டேன்.