விட்டுப்போன வரி

ராயக்கோட்டை சாலையில் டயர்க்கடைக்கு மேலே
இரண்டாவது மாடி, ஞாயிறு ஒன்பதரை மணி.
பேராசிரியருக்கு இருபத்தொன்பது வயது.
என்னை மேடம் என்கிறார், நான் அவரை சார் என்கிறேன்.
மற்றவர் உட்காரட்டுமென்று இருவரும் காத்திருந்ததில்
முதல் வாரம் பாதி வகுப்பு
நின்றபடியே போயிற்று.

எனக்கு நாற்பத்துநான்கு.
மாங்கூழ் ஆலையில் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதியவள்.
பெங்களூரா லாரி எடைமேடை ஏறும் சத்தத்திலேயே
எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன்.
அது பாடத்திட்டத்தில் இல்லை.

தேர்வை ஜூனில் வைத்தவர்
கிருஷ்ணகிரியில் ஜூன் என்றால் என்னவென்று அறியாதவர்.
இரவு ஷிப்ட் முடித்து நேராகப் போய் உட்கார்ந்தேன்.
விடைத்தாள் முழுக்க மாம்பழ வாசனை.
பக்கத்துப் பையன் மூக்கை உறிஞ்சிவிட்டு
பசிக்குதுக்கா என்றான்.

இந்த வயசில் எதற்கு என்று மேலாளர் கேட்டார்.
அவர் கேட்டது கேள்வி இல்லை.
கணவர் கேட்கவே இல்லை;
ஞாயிற்றுக் கறியை அவரே வாங்கி வந்து
மஞ்சள் போட மறந்து சமைத்து
தட்டை என் பக்கம் தள்ளினார்.
கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன்.
சொல்லாதது இது:
பழம் போட வந்த எத்தனையோ பேர்
நட்டத்தை லாபமென்று மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதை
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
பார்த்துக்கொண்டே ரசீது கிழித்திருக்கிறேன்.

கடைசி செமஸ்டருக்கு
ஒரு சிறுதொழிலை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்.
பழையபேட்டையில் கலீமுல்லாவின் புளி வியாபாரம்.
மாசியில் வாங்கி, கிடங்கில் போட்டு,
வருஷம் முழுக்க கொட்டை எடுத்து
அரைக்கிலோ கவரில் ஓசூர் வரை அனுப்புகிறார்.
அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு.
புளி, சாக்கு, கிடங்கு வாடகை, டெம்போ,
கொட்டை எடுக்கும் நான்கு பெண்களின் கூலி,
டீக்குக்கூட ஒரு வரி.
லாபம் எண்பத்தெட்டாயிரம்.

ஐந்தாவதாக ஒருத்தி
சாக்கின்மேல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.
இவங்க?
வீட்டுக்காரம்மா, என்றார்,
அது சுவர் என்று சொல்வதுபோல.

அன்றிரவு அந்த வரியைச் சேர்த்தேன்.
நாளுக்கு முந்நூறு, முந்நூற்றிருபது நாள்.
எண்பத்தெட்டாயிரம் லாபம்
எட்டாயிரம் நட்டமாகி நின்றது.
மூன்று முறை கூட்டினேன்.
பிழை கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வாரம் தாளை நீட்டியதும்
கலீமுல்லா படித்தார்,
கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்,
வெளியே போய் டெம்போக்காரரிடம்
அவசியமில்லாமல் ஏதோ பேசினார்.
ஷம்ஷாத்தான் கேட்டாள்:
எனக்கு எவ்ளோ போட்டிருக்கீங்க?
முந்நூறு.
சுத்தியல் நின்றது.
மாதம்மாவுக்கே நானூறு. நான் அவளைவிட வேகம்.

உண்மைதான். மாதம்மாவின் நானூறு
அதே நோட்டில், அதே பக்கத்தில் இருந்தது.
பார்த்துவிட்டுத்தான்
இவளுக்கு முந்நூறு எழுதியிருந்தேன்.
ஏனென்று யாராவது கேட்டிருந்தால்
என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை.

மாத்துனா நட்டம் நாற்பதாயிரம் ஆகும், என்றேன்.
ஆவட்டும், என்றாள்,
கணக்குன்னா கணக்கு.

மாற்றினேன். கவர் விலையில் நான்கு ரூபாய் ஏற்றவும்
கொட்டையை மாவு ஆலைக்கு விற்கவும் யோசனை எழுதினேன்.
பேராசிரியர் ஓரத்தில் சிவப்பில் கேட்டிருந்தார்:
நானூறுக்கு ஆதாரம்?
நேர்காணல், என்று எழுதி அனுப்பினேன்.

அறிக்கையின் பிரதியைக் கொடுக்கப் போன அன்று
கலீமுல்லா கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டு
உங்க பீஸ் எவ்ளோ மேடம் என்றார்.
அய்யோ, படிப்புக்காகத்தானே, என்று
வாய் தானாகத் திறந்தது.
சாக்கின்மேல்
சுத்தியலை ஓங்கியவள்
ஓங்கியபடியே
என்னைப் பார்த்தாள்.