ஒதுக்கீடு

குஞ்சப்பனைச் சோதனைச்சாவடியில்
இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை என் முறை.
டிஎன் 43 என்றால் தடி தானாக மேலே போகும்.
மற்ற எண்களுக்கு நான்.
இ-பாஸ் காட்டுங்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா,
எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல்.
கேட்டுக் கேட்டு
கேள்விக்குறி தேய்ந்து முற்றுப்புள்ளியாகிவிட்டது.

வண்டி குறைந்ததும்
மடிக்கணினியில் நான் இங்கிலாந்துக்காரி.
இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு மேனேஜர்,
பதினேழாம் இடம்,
ஊர்ப் பெயர் என் வாயில் இன்னும் சரியாக நுழையவில்லை.
சனிக்கிழமைதோறும் பன்னிரண்டாயிரம் பேர்
கூடி நின்று என்னை ஏசுகிறார்கள்.

இடப்பக்கம் ஓட ஆளில்லை.
மூன்று இரவு தேடிக் கண்டெடுத்தேன்:
லஸ்ஸானா திக்கோ, மாலி, பத்தொன்பது வயது.
வேகம் இருபதுக்குப் பத்தொன்பது.
முகம் கணினி வரைந்தது,
ஒரு காது மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தது.
விலை படிந்தது. சம்பளம் படிந்தது.
ஏழாம் எண் சட்டையைக் காலி செய்து வைத்தேன்.
பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்:
வேலை அனுமதி மறுக்கப்பட்டது.

காரணமும் போட்டிருந்தது.
தேசிய அணியில் ஆடியது போதாது,
ஆடிய லீக் தரம் போதாது.
பதினைந்து புள்ளி வேண்டும்,
அவனிடம் இருப்பது ஆறு.
எந்த வயிற்றிலும் பிறக்காத பிள்ளை,
அவனை நிறுத்தவும் எங்கோ ஓர் ஆபீஸர்.

மேல்முறையீடு செய்தேன்.
ஆட்டத்தில் இரண்டு வாரம்,
இங்கே ஒரு டீ ஆறும் நேரம்.
நிராகரிக்கப்பட்டது.
கோபமும் இல்லை தூக்கமும் இல்லை அந்த வாக்கியத்தில்.
நான் எழுதியது போலவே இருந்தது.

அப்போதுதான் வந்தது அந்த வேன்,
மேட்டுப்பாளையத்து எண், உள்ளே ஒன்பது பேர்,
ராஞ்சியிலிருந்து ரயிலில் வந்து
கோத்தகிரிக்கு மேலே எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள்.
பாஸ் இல்லை.
இன்றைய ஒதுக்கீடு முடிந்தது என்றேன்.
டிரைவர் மேஸ்திரிக்குப் போன் போட்டான்,
மேஸ்திரி எடுக்கவில்லை.
ஏட்டு ஆல்துரை கடிகாரத்தைப் பார்த்தார்:
"இன்னும் நாற்பது நிமிஷம். பன்னெண்டு அடிச்சா
நாளைக் கணக்கு. நிக்கட்டும்."

நின்றார்கள்.
கீழே ஓடையருகே ஏதோ கிளை முறிந்தது.
ஆல்துரை விளக்கை அணைத்தார்,
யானை என்றால் அப்படித்தான்.
இருட்டில் என் திரை மட்டும்.
அந்த வெளிச்சத்துக்கு ஒரு பையன் ஜன்னலருகே வந்தான்.
மங்ரு டோப்போ,
ஆதார்படி இருபத்திரண்டு, மீசைப்படி குறைவு.
எனக்கு இந்தி பத்து வார்த்தை,
அவனுக்குத் தமிழ் 'தண்ணி' மட்டும்.
திக்கோவைப் பார்த்தான்,
வேகத்தைப் பார்த்தான்,
சாம்பல் கட்டத்தைப் பார்த்தான்.
"கியோன்?"
தெரியாது என்று கையை விரித்தேன்.
தன் இடது தொடையைத் தட்டிக் காட்டினான்.
நானும் இந்தப் பக்கம்தான்.

பன்னிரண்டு அடித்தது.
படிவத்தில் பெயர், வயது, வண்டி எண்.
வருகையின் நோக்கம்?
தேயிலை பறிக்க என்று பட்டியலில் இல்லை.
சுற்றுலா என்று அழுத்தினேன்,
ஒன்பது பேருக்கும்.
தடி மேலே போனது.

பெல்ஜியத்தில் எங்களுக்கு ஒரு கூட்டுக் கிளப் உண்டு.
திக்கோவை அங்கே சேர்த்துவிட்டேன்,
புள்ளி சேர்த்து வா என்று.
ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று.
மூன்று சீசன், ஒரு முட்டிக் காயம்.
பதினைந்து வந்த இரவில்
வேகம் பதினான்காகியிருந்தது.
ஆனாலும் கேட்டேன்.
பதில் நீலக் கட்டத்தில் வந்தது:
உங்கள் கிளப்பில் சேர இந்த வீரருக்கு விருப்பமில்லை.

ஐப்பசி மழையில் அந்த வேன் திரும்பிப் போனது.
ஆறு தலை எண்ணினேன், கண்ணாடியில் ஆவி,
முகம் தெரியவில்லை.
ஒரு கை வெளியே நீண்டு
ஆரஞ்சுத் தோலைப் போட்டது.
இடக்கையா வலக்கையா என்று
யோசித்துக்கொண்டே நின்றேன்.
இறங்குகிறவர்களிடம்
எதுவும் கேட்க எனக்கு அதிகாரமில்லை.