முந்நூற்று முப்பத்தாறு வாய்கள்

அப்பிங்டனில் ஜனவரி.
காலை எட்டு மணிக்கே கொட்டகைத் தகரம்
டக் டக்கென்று பேசத் தொடங்கிவிடும்.
பதினான்கு கோல்ஃப் வண்டிகள்,
வண்டிக்கு ஆறு பேட்டரி,
பேட்டரிக்கு நான்கு வாய்.
பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அத்தனைக்கும் வாரம் ஒருமுறை
தண்ணீர் காட்டுகிறவன் நான்,
டர்பன் டிப்போவில் பேருந்துகளுக்குக் காட்டிய கை.

செப்டம்பர் காற்றில்
கலஹாரிச் செம்மணல் பிரேக் டிரம்முக்குள் குடியேறும்,
வாடகை கேட்டாலும் போகாது.
டிசம்பரில் டயர்க் காற்றை ஒரு பிடி குறைக்க வேண்டும்.
இங்கே டப்பல்கி என்கிறார்கள்.
டயரிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன்,
நம் நெருஞ்சிதான்,
பாஸ்போர்ட் இல்லாமல் எங்கும் போய்வருகிற சாதி.
இருக்கை ரெக்சின் வெயிலில் பிளக்கும்.
மின்முனைகளில் பச்சை உப்புப் பூக்கும்,
சோடா மாவு கரைத்து ஊற்றினால் சீறும்,
பிறகு அடங்கும்.
வாசலின் தடவி விடுவேன்.

இவ்வளவும் கேட்கிற வண்டிகளில்
பதினொன்றாம் எண் மட்டும்
எனக்கே தண்ணி காட்டியது.
நிறைத்தால் நிறைந்தே இருக்கும்.
ஏழாவது குழி மேட்டில் நின்றுவிடும்.
திருமதி தெரோன் இரண்டு முறை
பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார்,
என்னிடம் ஒன்றும் சொல்லாமல்.
அதுதான் சுட்டது.

மானியை விட்டு உறிஞ்சினேன்.
மூன்றாவது பேட்டரி, இரண்டாம் வாய்.
மிதவை எழவே இல்லை.
மூடியோரம் சுண்ணாம்புக் கோடு.
குழாய்த் தண்ணீர்!
குடிக்கலாம், குளிக்கலாம்,
திராட்சைத் தோட்டத்துக்கு விடலாம்,
ஈயத் தகட்டுக்கு மட்டும் அது விஷம்.

வண்டி கழுவும் கிரீட் மேல் பாய்ந்தேன்.
அவள் குழாயை மூடிவிட்டு
மோவாயால் காட்டினாள்:
பதினொன்றுக்குப் பக்கத்தில்
இரவுக் காவலாளியின் நாற்காலி.

அப்ராம் ஸ்வார்ட்பூய் மறைக்கவில்லை.
என் அரைகுறை ஆப்பிரிகான்ஸுக்காக
மெதுவாகச் சொன்னார்:
"ராத்திரி அது முனகியது.
மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.
உள்ளே வறண்டு கிடந்தது.
என் பாட்டிலில் பாதி இருந்தது.
நான் கொஞ்சம் குடித்தேன்,
அதற்குக் கொஞ்சம் கொடுத்தேன்.
அப்புறம் தினமும் கொடுத்தேன்."

தவிச்ச வாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரை
எந்த மொழியில் திட்டுவது?

அதோடு இன்னொன்று.
தகடு தெரியுமளவு வறண்டதென்றால்
அந்த வாரம் யாரும் பார்க்கவில்லை.
பதிவேட்டைப் புரட்டினேன்.
கிறிஸ்துமஸ் வாரம், மின்வெட்டு வாரம்.
பதினொன்றுக்கு நேரே டிக் இருந்தது,
நீல மையில்,
என் கையால்.

கேனைத் திறந்து
வடித்த நீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
விரல் நனைத்து நாக்கில் வைத்தார்.
"இதில் ஒன்றுமே இல்லையே."
"அதுதான் விஷயம்."
நம்பாத முகத்தோடு தலையாட்டினார்.

புதியதைப் பழையதோடு சேர்த்துக் கட்டாதே என்பது விதி.
மேலாளர் ஒன்றுக்குத்தான் கையெழுத்துப் போட்டார்.
ஐந்து கிழங்களோடு ஒரு பொடியனைக் கட்டி
ஓட விட்டிருக்கிறேன்.
மேட்டில் மூச்சு வாங்கும்,
ஏறிவிடும்.

இப்போது ஜூன்.
பாலைவனம்தான், ஆனால் விடியலில்
வெளியே நிற்கும் வண்டிகள் மேல் உறைபனி.
பதினொன்றின் இருக்கை வெள்ளையில்
விரலால் கீறியிருந்தது: 24.
எண்ணிப் பார்த்துவிட்டாராம்.

வெயில் வந்து எண்ணை அழிக்குமுன்
நானும் மூடிகளைத் திறந்தேன்.
இருபத்து நான்கு.
பிறகுதான் டிக் போட்டேன்.