எண்பது கஜம்

மூன்றே காலுக்கு அலாரம்.
மூன்றுக்கே விழித்துக்கொண்டு
அது கத்துமுன் அதன் வாயைப் பொத்தினேன்,
மார்கிட் எழுந்துவிடக் கூடாதென்று.
எழுந்துவிட்டாள்.
"கடையில் கோழி கிடைக்கிறது" என்று
சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

சரளைத் திடலில் என் வண்டி ஏழாவது.
முன்னால் நின்ற ஒன்றின் மூக்கைத் தொட்டேன்,
இன்னும் கதகதப்பு.
பலகையில் மினசோட்டா மாநிலம்
எல்லோரையும் வரவேற்கிறது.
'எல்லோரையும்' என்ற சொல்லில்
யாரோ ரவை பாய்ச்சியிருக்கிறார்கள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. சரி.
இது பந்தியா படையா என்றுதான்
பதினோரு வருடமாகப் புரியவில்லை.

பொம்மை வாத்து இரண்டு டஜன்.
சறுக்குப் பலகையில் கட்டி முக்கால் மைல் இழுத்தேன்.
சேறு ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸைக் கேட்டது.
சம்பங்கோரைக்குள் நல்ல இடம் ஒவ்வொன்றிலும்
ஒரு சிவப்பு விளக்கு எழுந்து
இருமுறை சிமிட்டியது:
ஆள் இருக்கிறது, நட.

கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு மூலை,
காற்று தப்பான பக்கம் வீசுகிற இடம்.
பொம்மைகளைக் குடும்பம் குடும்பமாக ஊன்றி
நடுவில் இறங்க இடம் விட்டு
காப்பியை உதட்டருகே கொண்டுபோனபோது
வந்தான்.

எண்பது கஜம். அதற்குமேல் ஓர் அடி இல்லை.
நெற்றி விளக்கு எரிய, மூட்டை கடகடக்க,
தண்ணீரைத் துவைத்துக்கொண்டு.
என் விளக்கை இருமுறை சிமிட்டினேன்.
அவனும் சிமிட்டினான், நட்பாக.

அவன் பெயர் தெரியாது.
நாயின் பெயர் பிக்கிள்.
விடியும்வரை சதுப்பு முழுக்க அந்தப் பெயர்தான்.
பிக்கிள் என் பொம்மைகளை முகர்ந்து வந்து
ஒன்றைக் கவ்விப் போய் அவனிடம் கொடுத்தது.
அந்தப் பக்கம் அன்று பிடிபட்ட ஒரே பறவை.

சுடலாம் என்று சட்டம் விட்ட நிமிடம்
வடக்கிலிருந்து இருபது.
ஊதினேன், மெல்ல, வயிறு நிறைந்த வாத்து மாதிரி.
இறக்கைகள் குழிந்தன. கால்கள் தொங்கின.
இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று
அவனும் ஊதினான்,
எண்ணெய் காணாத கொட்டகைக் கதவு போல.
போதாதென்று எட்டாத உயரத்துக்கு மூன்று வெடி.
இரும்பு ரவை திரும்பி வந்து
என் தொப்பிமேல் அட்சதையாக உதிர்ந்தது.

இருபதும் சாலையைத் தாண்டி
சரணாலயத்தில் இறங்கின.
அங்கே ஏற்கெனவே இரண்டாயிரம்,
எங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தன.
இடப்புறம் ஹால்வர்சனின் கோதுமைத் தாள்,
ஒரு கிளப்புக்குக் குத்தகை, ஆரஞ்சு அட்டை.
மிச்சமிருந்த புறம்போக்கில் நாங்கள்
பன்னிரண்டு பேர், ஐந்து நாய்.

கத்திவிடலாம் என்று எழுந்தேன்.
என்னவென்று கத்துவது, என் இடம் என்றா?
அவனும் அதே கட்டணம்தான் கட்டியிருக்கிறான்.
மறுபடி உட்கார்ந்தேன்.
காப்பி ஆறியிருந்தது.

பத்து மணிக்கு, ஊதுகுழல்கள் ஓய்ந்தபின்,
ஐந்து வாத்துகள் சத்தமில்லாமல் வந்தன.
அவன் பொம்மைக்கும் இல்லை, என் பொம்மைக்கும் இல்லை.
எங்கள் இருவருக்கும் சரிநடுவே இறங்கின.

துப்பாக்கியைத் தூக்கினேன்.
குழல்முனையில் வாத்து,
வாத்துக்குப் பின்னால் அவன் தொப்பி.
அவன் குழலும் உயர்ந்திருந்தது.
அவனுக்கு நான் பின்னணி.

அரைமணி நேரம் மேய்ந்தன.
கடைசியாக எழுந்தது
இருவருக்கும் பொதுவாக எச்சமிட்டுப் போனது.
பிக்கிள் முனகிக்கொண்டே இருந்தது.
அதன் கழுத்துப் பட்டையை
அவன் விடவே இல்லை.
அதற்காக மட்டும் அவனைக் கொஞ்சம் பிடித்தது.

திடலில், கழுத்தில் பல் பதிந்த பொம்மையை
என் வண்டிமேல் வைத்தான்.
"நாளைக்கு வருவாயா?"
"இல்லை, வேலை இருக்கிறது."
"எனக்கும்" என்றான்.

ராத்திரி
அலாரத்தை இரண்டே முக்காலுக்குத் திருப்பினேன்.