பிடித்தம்

இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
என் பெயர் இப்படி இருக்கிறது:
அ. மேகலா, த/பெ. அர்த்தநாரி,
விசைத்தறிக் கூலி, பள்ளிபாளையம்.
கல்லூரிக் கட்டணத்தை அரசு கட்டும்.
முடித்தபின் ஐந்தாண்டு
அரசுப் பள்ளியில் பாடம் எடுப்பேன்.
தவறினால் வட்டியோடு திருப்புவேன்.
சாட்சிக்கு இரண்டு கையெழுத்து,
ஜாமீனுக்கு ஒன்று.

ஜாமீனுக்கு யாரிருக்கிறார் எங்களுக்கு?
குப்பண்ண முதலாளிதான்.
அவர் பீரோவில் ஏற்கெனவே
அப்பாவின் பத்திரம் ஒன்று கிடந்தது.
முன்பணம் எட்டாயிரம்,
நான் பிறந்த ஆஸ்பத்திரிச் செலவு.
வாராவாரம் பிடித்தம் போக
இருபத்தொரு வருஷத்தில்
அறுபத்திரண்டாயிரமாகியிருந்தது.
என்னைவிட நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை.

"ஏப்பா அர்த்தநாரி,
உம்பட புள்ளையும் எழுதிக் குடுத்துட்டாளா?"
சிரித்துக்கொண்டே போட்டார் கையெழுத்தை.
அப்பா பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஈரோட்டுப் பாலத்துக்கு இக்கட்டால,
சாயப்பட்டறை ஓடைக்குப் பின்னால் பள்ளிக்கூடம்.
சன்னலைச் சாத்தினாலும் தறி அடிக்கும்.
என் பிள்ளைகள் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள்.
கரண்டு போனால் ஊர் சட்டென்று அடங்கும்.
என் குரல் எனக்கே கேட்டுக்
கூச்சத்தில் பாதி வரியில் நின்றுவிடுவேன்.

முதல் வருஷம் நாள்காட்டியில்
ஒவ்வொரு நாளாக அடித்தேன்.
அடுத்த வருஷம் வாரக் கணக்கு.
மஞ்சள்காமாலையில் படுத்த பத்தொன்பது நாள்
சேவைக் காலத்தில் சேராது என்று
சென்னையிலிருந்து தாள் வந்தது.
அதன்பிறகு எப்போது எண்ணுவதை விட்டேன்,
தெரியவில்லை.

தனிவட்டிப் பாடத்தன்று
கரும்பலகையில் இரண்டு கணக்கு எழுதினேன்.
ஒன்று, வேலை செய்யச் செய்யக் கழியும் கடன்.
மற்றது, வேலை செய்தும்
தீபாவளிக்குத் தீபாவளி ஏறும் கடன்.
யாருடையவை என்று சொல்லவில்லை.
கடைசிப் பெஞ்சு மாதேசு எழுந்தான்.
"ரெண்டாவது தப்புங்க டீச்சர்."
"எந்த வரியில்?"
"கணக்கு செரிதானுங்க.
குடுத்தவிக நோட்டுத்தான் தப்புங்க."

நாற்பத்தொரு நாள் பாக்கியிருந்தபோது
திருச்செங்கோட்டு ஹாஸ்டல் பள்ளியிலிருந்து போன்.
என் தொகுப்பூதியத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு,
மூன்று வேளையும் சாப்பாடு.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்கவும் செய்தேன்,
பொய் சொல்வானேன்.

அந்த வாரம் மாதேசு வரவில்லை.
நாலாம் நாள் பொழுதோட தேடிப் போனேன்.
குப்பண்ணர் பட்டறை.
உள்ளே நாலாம் தறியில் அப்பா,
அவருக்குப் பின்னால்
தார் சுற்றிக்கொண்டிருந்தான் மாதேசு,
புருவமெல்லாம் பஞ்சு.

நாலு ராத்திரி என்னெதிரே உட்கார்ந்து
சோறு தின்ற மனிதர்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவங்கம்மா பன்னண்டாயிரம் வாங்கியிருக்குது,"
முதலாளி நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
"நீயும் எழுதிக் குடுத்துப் படிச்சவதானே கண்ணு,
உனக்குத் தெரியாததா?"
"என்னோடது கழியுதுங்க" என்றேன்.
"அவனுக்குப் பதிமூணு வயசுங்க" என்றும்.
தறிச் சத்தத்தில்
எது அவருக்குக் கேட்டதோ.

அப்போது அப்பா தறியை நிறுத்தினார்.
பாவு அறுந்திருக்கவில்லை,
ஊடை தீர்ந்திருக்கவில்லை.
சும்மா நிறுத்தினார்.
எண்ணெய்க் கையால் பையன் முதுகைத் தள்ளி,
"போ சாமி" என்றார்.
அவ்வளவுதான்.
அந்தச் சனிக்கிழமை அவர் கூலியில்
பன்னிரண்டு மீட்டர் பிடித்தம்.
மாதேசு சில நாள் வருகிறான்,
சில நாள் நான் போய் அழைத்து வருகிறேன்.

போன மாதம் நாமக்கல் அலுவலகத்தில்
என் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
'ரத்து' முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது.
திருச்செங்கோட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்பா தாளை வாங்கி
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
துணியில் இழை விட்டுப்போயிருக்கிறதா என்று
பார்ப்பதுபோல்
மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே.
"மெய்யாலுமே முடிஞ்சுபோச்சா?" என்றார்.