அங்குல நட்டு

நான்கு நட்டுகளில் மூன்று கழன்றுவிட்டன.
நான்காவதில் பதினேழு நுழைய மறுத்தது,
பதினெட்டு நழுவியது.
எங்கள் பெட்டியில் இருந்ததெல்லாம் மில்லிமீட்டர்.
அது அங்குலத்தில் பிறந்தது.

தண்டையார்பேட்டை டீசல் ஷெட், மூன்றாம் பாதை,
கத்திரி வெயில்.
"தகட்ட மட்டும் கழட்டிக் குடு லோகு,
மத்ததெல்லாம் எடைக்குப் போவுது" என்றார் சூப்பர்வைசர்.
என் பெயர் லோகநாதன்.
ஷெட்டுக்குள் லோகோநாதன்.

தகட்டில் ஊர்ப் பெயர்: ஸ்கெனெக்டடி, நியூயார்க்.
எங்களில் ஒருவர் வாயிலும் அது முழுசாக நின்றதில்லை.
"சனிக்கட்டடி" என்பார் டர்னர் மரியசூசை.
சனிக்கிழமை வந்து இறங்கிய எஞ்சின் போலும் என்று
ரொம்ப வருஷம் நம்பியிருந்தேன்.

டிரைவர் பின்டோவின் மகள் லொரெய்ன்
பெரம்பூரிலிருந்து நர்ஸாக அந்தப் பக்கம் போனவள்.
ஒரு டிசம்பரில் எழுதினாள்:
டாடி, இங்கே ஆறு கல்லாகிவிட்டது, அதன் மேல் நடக்கிறார்கள்.
உங்கள் எஞ்சின் பிறந்த கொட்டகை கரையில் சும்மா நிற்கிறது.
அங்கேதான் முன்னொரு காலத்தில்
மேற்கே மலையேற நீராவிப் பூதங்களைச் செய்தார்களாம்.
ஒன்றின் நெற்றியில் யாரோ ஒரு தொழிலாளி
சாக்பீஸால் 'பெரிய பையன்' என்று கிறுக்கினானாம்.
கம்பெனி யோசித்து வைத்திருந்த பெயர் எதுவோ,
சாக்பீஸ் பெயர்தான் தேசம் முழுக்க ஓடியதாம்.

பின்டோ அதைப் படித்துக் காட்டிய இரவு
நாங்களும் சாக்பீஸ் எடுத்தோம்.
'டர்போ பார்க்கவும்' என்பதற்குக் கீழே
'சுருட்டு சுந்தரி'.
அவள் விடும் புகை அப்படி.
கொருக்குப்பேட்டையில் துணி காயப்போட்டவர்கள்
எங்களைத் திட்டியதும் அப்படித்தான்.
மழை அழித்தது. மறுநாளே எழுதினோம்.

எனக்கு முந்திய காலத்துக் கதை ஒன்று:
பிஸ்டன் வளையம் கேட்டு ஸ்டோர்ஸிலிருந்து கடிதம் போக,
உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்ததாம்.
கம்பெனியை மூடி மூன்று வருஷமாம்.
பிறந்த வீடு பூட்டிக் கிடப்பது தெரியாமல்
இவள் அன்றைக்கும் கூடூர் தாண்டிப்
பதினெட்டுப் பெட்டிகளோடு
நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.
யாரும் சொல்லவில்லை.
சொல்லி என்ன, வண்டியை நிறுத்தவா முடியும்?

அப்புறம் எல்லாம் இங்கேதான்.
புஷ் மரியசூசையின் லேத்தில்,
சக்கரம் பெரம்பூரில்,
கிராங்க் வாரணாசியிலிருந்து,
அவசரத்துக்கு ரப்பர் லிங்கிச் செட்டித் தெருவில்
கடனுக்கு.
பதினாறு சிலிண்டரும் ஒவ்வொன்றாய் மாறின.
ஒரு நைட் ஷிஃப்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்:
அமெரிக்காவில் மிச்சம் இந்தத் தகடு,
பிறகு ஐடிலில் நிற்கும்போது வரும் அந்த நொண்டித் தாளம்,
மூன்று சீராக, நான்காவது இழுத்து.
அது எந்த உதிரிபாகத்தில் இருந்தது என்று
கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

"உளி வெச்சு வெட்டிடு" என்றார் சூப்பர்வைசர்.
நாளைக்கு ஆகட்டும் சார் என்றேன்.
சாயங்காலம் புதுப்பேட்டை போனேன்.
ஏதோ பழைய ஃபார்கோ லாரியின் டூல்கிட்,
துருவுக்கு அடியில்
பதினொன்று பை பதினாறு.
இருபது சொன்னான், பன்னிரண்டுக்குத் தந்தான்.

காலையில் வைத்தேன்.
பொருந்தியது.
அரைச் சுற்றிலேயே விட்டுக்கொடுத்துவிட்டது.
கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

ஸ்பேனர் வீட்டில் இருக்கிறது.
குழாய், சைக்கிள், கேஸ் அடுப்பு,
எதற்கும் சேராது.

கழிவுப் பதிவேட்டில் 'தயாரித்த இடம்' என்று ஒரு கட்டம்.
தண்டையார்பேட்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஹெட் கிளார்க் நாகபூஷணம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்,
என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார்,
சிவப்பு மையில் அடித்துவிட்டு
மேலே அந்த ஊரை எழுதினார்,
மூன்று எழுத்துப் பிழைகளோடு.
நான் திருத்தவில்லை.